ஒரே பந்தியில் எல்லாரும் உட்கார முடியாது

எங்கள் அடுக்ககத்தில் 48 வீடுகள். முதல் மின்சாரக் கார் வந்தபோது பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஐந்தாவது கார் வந்தபோது அசோசியேஷன் கூட்டம் போட வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுந்து கேட்டார்: "இன்னும் ரெண்டு வருஷத்துல இருபது பேர் வாங்குவாங்க சார். அப்ப நம்ம பில்டிங்குக்குக் கரண்ட் போதுமா? அதை விடுங்க, ஊருக்கே போதுமா?"

ஒரே மூச்சில் கேட்டாலும் இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஊருக்குப் போதுமா என்பதற்குப் பதில் சுலபம். கட்டடத்துக்குப் போதுமா என்பதில்தான் சிக்கல். பொதுவாக நாம் தலைகீழாக நினைத்துக்கொள்கிறோம்.

ஊர்க் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நகரத்தில் ஓடும் ஒரு கார் வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இன்றைக்குச் சாலையில் பார்க்கிற நடுத்தர மின்சாரக் கார்கள் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர் போகும். சார்ஜ் ஏறும்போது சூடாகிப் போகிற சேதாரத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஆறு யூனிட் வருகிறது. தமிழ்நாட்டில் 10 லட்சம் மின்சாரக் கார்கள் ஓடினால் (இப்போதிருப்பதைவிட அது பல மடங்கு) ஒரு நாளைக்கு 60 லட்சம் யூனிட். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் 2024 ஏப்ரல் கடைசியில், வெயில் உச்சத்தில் இருந்தபோது, தமிழ்நாடு ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழித்தது. அதோடு ஒப்பிட்டால் 60 லட்சம் என்பது ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஸ்கூட்டர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு யூனிட்டில் முப்பது கிலோமீட்டர் போகிற வண்டி அது. அதன் சார்ஜர் இழுப்பது கிட்டத்தட்ட ஓர் அயர்ன் பாக்ஸ் இழுக்கிற அளவு.

ஆகவே "எல்லாரும் மின்சாரக் கார் வாங்கினால் நாட்டில் கரண்ட் தீர்ந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்ப வேண்டியதில்லை. அதற்காக, கவலையே வேண்டாம் என்று சொல்லும் கார் விற்பனையாளரையும் முழுக்க நம்பிவிட முடியாது. அதே 10 லட்சம் கார்களை இன்னொரு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். எல்லாரும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து 7.2 கிலோவாட் சார்ஜரைச் செருகினால், அந்த ஒரு நிமிடத்தில் தேவைப்படுவது 7,200 மெகாவாட். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன் அவ்வளவு உயரம் போனதில்லை. அந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்களே கேட்கும்! பத்து லட்சம் பேரும் ஒரே நிமிடத்தில் செருகப்போவதில்லை என்பது உண்மைதான். ஐந்தில் ஒருவர் செருகினால்கூட 1,440 மெகாவாட். ஒரு பெரிய அனல்மின் நிலையத்தின் அளவு அது.

ஒரு கணக்கில் ஒன்றேகால் சதவீதம், இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் சரியான கணக்குகள்தான். முதலாவது யூனிட்டை, அதாவது நாள் முழுக்க எவ்வளவு செலவாகிறது என்பதை எண்ணுகிறது. இரண்டாவது கிலோவாட்டை, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறோம் என்பதை எண்ணுகிறது. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேருக்கு அழைப்பு, ஆயிரத்து இருநூறு பேருக்குச் சமையல். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட இடம் இருநூறு பேருக்குத்தான். யாரும் பதறுவதில்லை. ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி உட்காரும். முகூர்த்தம் முடிந்த கையோடு ஆயிரம் பேரும் கூடத்துக்குள் நுழைந்தால் மட்டும்தான் ரகளை. அண்டாவில் சாம்பார் நிறைய இருந்தும் பசியோடு நிற்கிறவர்கள் இருப்பார்கள்.

மின்கட்டமைப்பும் இந்தப் பந்திக் கணக்கில்தான் கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு ஏசி, கீசர், மோட்டார், மைக்ரோவேவ் எல்லாம் சேர்த்தால் ஏழெட்டு கிலோவாட் வரும். ஆனால் தெருவுக்கு மின்மாற்றி (டிரான்ஸ்ஃபார்மர்) வைக்கிற பொறியாளர் வீட்டுக்கு எட்டு என்று கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் கீசர் போடும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் குளித்து முடித்திருப்பார், எதிர்வீட்டில் மோட்டார் நின்றிருக்கும் என்ற நம்பிக்கையில் வீட்டுக்கு இரண்டு, மூன்று கிலோவாட் என்றே போடுகிறார். சோம்பலால் அல்ல. எட்டு என்று போட்டிருந்தால் ஊர் முழுக்க மூன்று மடங்கு செம்பும் அலுமினியமும் வாங்கி, பெரும்பாலான நேரம் சும்மா தொங்கவிட்டிருக்க வேண்டும்.

மின்சாரக் கார் இந்த நம்பிக்கையைத்தான் அசைக்கிறது. கீசர் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். 7.2 கிலோவாட் சார்ஜரோ ஒன்றரை டன் ஏசி ஐந்தை ஒரே நேரத்தில் ஓடவிட்ட மாதிரி. காலி பேட்டரியோடு வந்தால் ஆறேழு மணி நேரம் விடாமல் இழுக்கும். பந்தியில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காத விருந்தாளி!

நெருக்கடி எங்கே வரும் என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகலாம். 2012-இல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டு மறந்திருக்காது. சென்னையில் இரண்டு மணி நேரம். வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். தேவைக்கு உற்பத்தி இல்லை என்பது ஒரு காரணம். வெளியே விலைக்குக் கிடைத்த மின்சாரத்தைக்கூட வேண்டிய அளவுக்குக் கொண்டுவர வழித்தடம் இல்லை என்பது இன்னொன்று. தென்னிந்திய மின்தொகுப்பு மற்ற இந்தியாவோடு ஒரே தாளத்தில் இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான், ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடம் வந்தபோது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொண்டுவரும் உயரழுத்த நேர்மின் பாதையும் வந்தது. ஆக, நெடுஞ்சாலை அகலமாகிவிட்டது. சந்துகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. 400 கிலோவோல்ட்டில் கிளம்பும் மின்சாரம் 230, 110, 33, 11 என்று படிப்படியாக இறங்கி, கடைசியாகத் தெருமுனை மின்மாற்றியில் வீட்டு மின்சாரமாகிறது. கார்கள் வந்து மோதப்போவது இந்தக் கடைசிப் படியில்.

எங்கள் வாசலுக்குப் பக்கத்தில், கம்பி வேலிக்குள் நிற்பது 500 கேவிஏ மின்மாற்றி (கேவிஏ என்பதை ஏறக்குறைய கிலோவாட் என்றே வைத்துக்கொள்ளலாம்). எங்களுக்கும் பக்கத்து இரண்டு தெருக்களுக்கும் அதுதான். கூட்டத்துக்கு மறுநாள் ஏதோ வேலையாக வந்த லைன்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். "மே மாசம் நைட்டு பத்து, பதினோரு மணிக்கு நானூறைத் தாண்டி நிக்கும் சார். தொட்டா கை சுட்டுரும்," என்றார். அவர் சொன்னதையே வைத்துக் கணக்குப் போட்டேன். 400-இன் மேல் இருபது கார், ஆளுக்கு 7.2 என்றால் 144 கூடும். மொத்தம் 544. மின்மாற்றியின் அளவைத் தாண்டிவிட்டது. அதே இருபது கார்கள் 3.3 கிலோவாட்டில் இழுத்தால் 66-தான் கூடும். 466-இல் தப்பித்துவிடலாம். சார்ஜரின் அளவு மாறியதும் அதே மின்மாற்றிக்கு விதியும் மாறிவிடுகிறது.

அளவைத் தாண்டினால் உடனே வெடித்துவிடுமா என்றால், அப்படியில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மின்மாற்றிக்குள் இருப்பது செம்பு அல்லது அலுமினியக் கம்பிச் சுருள், அதன்மேல் சுற்றிய காகிதம், எல்லாம் மூழ்கியிருக்கும் எண்ணெய். நாற்பது வருஷம் உழைப்பதும் நாலு வருஷத்தில் போவதும் அந்தக் காகிதத்தைப் பொறுத்தது. உள்ளே மிகச் சூடான இடம் 98 டிகிரியில் இருந்தால் காகிதம் இயல்பான வேகத்தில் முதுமையடைகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் முதுமையின் வேகம் இரட்டிக்கும் என்பது உலகம் முழுக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. 110 டிகிரியில் நாலு மடங்கு. ஆகவே மின்மாற்றியை இரண்டு மணி நேரம் அளவுக்கு மீறி வேலை வாங்கலாம், பெரிய பாவமில்லை. அப்புறம் அதை ஆறவிட வேண்டும். அத்தனை எண்ணெயும் சூடாக நேரமாகும், ஆறவும் நேரமாகும். பின்னிரவு என்பது மின்மாற்றி மூச்சுவிடுகிற நேரம்.

சென்னையின் கோடை இரவுகளில் அந்த மூச்சு ஏற்கெனவே திணறலாகத்தான் இருக்கிறது. நள்ளிரவிலும் வெளியே முப்பது டிகிரியை ஒட்டி நிற்கும். படுக்கையறை ஏசிகள் விடியும்வரை ஓடும். இப்போது கார்களும் இரவெல்லாம் இழுத்தால் ஆறுவதற்கென்று இருந்த மணிகளும் போய்விடும். இரவில் சார்ஜ் போடுங்கள், அப்போது தேவை குறைவு என்று வெளிநாட்டு ஆலோசனைகள் சொல்வதை அப்படியே இங்கே ஒப்பிக்க முடியாததற்கு இது ஒரு காரணம். மாநிலத்தின் மொத்தத் தேவை இறங்கியிருக்கலாம். உங்கள் தெரு மின்மாற்றி இறங்கியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

ஃபேஸ் சங்கதியும் இருக்கிறது. மின்மாற்றியிலிருந்து தெருவுக்கு மின்சாரம் மூன்று கம்பிகளில் பிரிந்து வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ். தமிழ்நாட்டில் மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு திருகு சுவிட்சைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஃபேஸ் போனால், அல்லது வோல்டேஜ் இறங்கினால், அதைத் திருகி அடுத்த ஃபேஸுக்கு மாறிக்கொள்வோம். நம் வீட்டுக்கு அது சாமர்த்தியம், தெருவுக்குத் தலைவலி. ஒரு ஃபேஸில் லோ வோல்டேஜ் என்று தெருவே திருகினால் அத்தனை பளுவும் அடுத்த ஃபேஸில் போய் விழும், கொஞ்ச நேரத்தில் அதுவும் போகும். 3.3, 7.2 கிலோவாட் சார்ஜர்கள் ஒற்றை ஃபேஸில் இழுப்பவை. பத்து கார்களில் ஏழு ஒரே ஃபேஸில் மாட்டியிருந்தால், மின்மாற்றியில் மொத்த இடம் மீதி இருந்தும் அந்த ஒரு கால் மட்டும் வீங்கிப்போகும். வரிசையின் கடைசியில் இருக்கிற வீட்டில் விளக்கு மங்கும். அந்த வீட்டுக்காரரிடம் அநேகமாகக் கார் இருக்காது.

இதே சிக்கல் ஏற்கெனவே தலைகாட்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது, கேரளம். 2024 மே தொடக்கத்தில் அங்கே உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. வெயில் தாங்காமல் வாங்கிய ஏசிகள், கூடவே மின்சார வண்டிகள். மாலை உச்ச நேரத்தில் வண்டிகளுக்குச் சார்ஜ் போடாதீர்கள் என்று மாநில மின்வாரியம் பொதுமக்களிடம் கேட்டுக்கொண்டது. ஆனாலும் அந்த நெருக்கடிக்குக் கார்களை முதல் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. ஏசிதான் பெரிய ஆள், கார் அவருக்குப் பின்னால் வந்து நின்ற தம்பி.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் 2022-இல் இதே காட்சிதான். 2035 முதல் பெட்ரோலில் மட்டும் ஓடும் புதிய கார்களை விற்க முடியாது என்று ஆகஸ்ட் கடைசியில் விதி போட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வெப்ப அலை அடித்தது. மாலை நாலு முதல் ஒன்பது வரை கார்களுக்குச் சார்ஜ் போடாதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. உலகமே சிரித்தது. செப்டம்பர் 6 அன்று தேவை 52,000 மெகாவாட்டைத் தாண்டியபோது மக்களின் கைபேசிகளுக்கு அவசரச் செய்தி அனுப்பினார்கள். சில நிமிடங்களில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தேவை சரிந்தது, மாநிலம் தழுவிய மின்வெட்டு வரவில்லை. சிரித்தவர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான். ஓடுகிற ஏசியை நிறுத்தினால் வியர்க்கும், அடுப்பை அணைத்தால் சோறு வேகாது. காருக்கு ஏறுகிற சார்ஜை மூன்று மணி நேரம் தள்ளிவைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மின்கட்டமைப்பின் பார்வையில், தள்ளிப்போடச் சொன்னால் கோபித்துக்கொள்ளாத பளு கார் ஒன்றுதான்.

நார்வேயை உதாரணம் காட்டுகிறவர்களும் உண்டு. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் கிட்டத்தட்ட 89 சதவீதம் மின்சாரக் கார்கள், ஆனாலும் கட்டமைப்பு இடிந்து விழவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் நார்வேக்காரர்கள் வெகுகாலமாக வீட்டைச் சூடாக்குவதே மின்சாரத்தில். பனிக்கால இரவுக்காக ஒவ்வொரு வீட்டுக்கும் தடித்த கம்பி இழுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பியில் கார் ஒரு கூடுதல் ஹீட்டர், அவ்வளவே. நம் தெருக் கம்பிகள் ட்யூப்லைட்டுக்கும் மின்விசிறிக்கும் இழுத்தவை. ஏசியையே சமீபத்தில்தான் சுமக்கப் பழகியிருக்கின்றன.

சரி, அப்படியானால் எப்போது சார்ஜ் போடுவது? நேரம் வைத்துப் போடலாம் என்றால் அதிலும் ஒரு பொறி உண்டு. இரவு 11 மணிக்கு மேல் மலிவு என்று அறிவித்தால் எல்லா காரும் டைமரை 11-க்கு வைக்கும். சரியாக 11 அடித்ததும் புதிதாக ஓர் உச்சம், முன்பிருந்ததைவிடச் செங்குத்தாக. பந்தியை ஏழு மணியிலிருந்து பதினொன்றுக்கு மாற்றிய கதைதான். பிரிட்டன் இதற்குச் சின்னதாக ஒரு வைத்தியம் செய்திருக்கிறது. 2022 ஜூன் 30 முதல் அங்கே விற்கப்படும் வீட்டுச் சார்ஜர்கள் தாமாகவே உச்ச நேரத்தைத் தவிர்க்கும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். அதோடு, தொடங்கும்போது பத்து நிமிடம் வரை ஏதோ ஒரு தாமதத்தைத் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கார் இரண்டாம் நிமிடம், இன்னொன்று ஏழாம் நிமிடம் என்று தள்ளித் தள்ளித் தொடங்கும். கூட்டம் வாசலில் முட்டாமல் வரிசையாக நுழைவதற்கான ஏற்பாடு.

நம்மூருக்கு இது புதிய யோசனையும் இல்லை. விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரத்தை முறைவைத்து விட்ட ஊர் இது. அதற்கும் முன்னால் ஏரித் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சியவர்கள் நாம். இன்று உன் வயல், நாளை என் வயல் என்று மடையைத் திருப்பி விடுவதற்கே ஊருக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார். காருக்குச் சார்ஜ் ஏற்றுவதில் அவர் வேலையை ஒரு மென்பொருள் பார்க்கப்போகிறது.

நேரத்தை மதிக்கச் சொன்னால் அதற்கு ஒரு விலை வேண்டாமா? இங்கேதான் எனக்கு ஆதங்கம். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறது. எப்போது என்று கேட்பதே இல்லை. நாளுக்கு ஐந்தரை, ஆறு யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் காருக்கு மட்டும் 350 யூனிட்டை ஒட்டி வரும். ஏற்கெனவே 300 ஓடுகிற வீடு 500-ஐத் தாண்டி, மலிவுப் படிகளில் ஒன்றை இழந்து, மேல்படிக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு ஏற்றினாலும் மதியம் ஒரு மணிக்கு ஏற்றினாலும் அதே பில். மின்சாரத்தை வாங்குகிறவர்களுக்கோ, அதாவது நாம் இன்னும் ஈபி என்றே கூப்பிடும் நிறுவனத்துக்கு (2024-இல் பிரித்துப் புதுப் பெயர்கள் வைத்தார்கள், ஊர் வாயில் அது ஈபிதான்), இந்த இரண்டு யூனிட்டும் ஒரே சரக்கே இல்லை. மதியம் சூரிய மின்சாரம் ஆயிரக்கணக்கான மெகாவாட் கொட்டுகிறது. ஆறு மணிக்கு அது மொத்தமாக மறைகிறது. அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் டிவியும் ஏசியும் எழுகின்றன. அந்த மூன்று, நாலு மணி நேரத்துக்காக வெளியே வாங்கும் மின்சாரம்தான் நாளிலேயே விலை கூடியது.

மத்திய அரசு 2023-இல் விதியைத் திருத்தியது. சூரிய நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் இறங்க வேண்டும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் ஏற வேண்டும், 2025 ஏப்ரலுக்குள் விவசாயம் தவிர எல்லாருக்கும் இது வர வேண்டும் என்று. பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு 2024 வழிகாட்டுதல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டைக் கொண்டுவந்து சேர்க்கச் சராசரியாக ஆகும் செலவு) 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் வீடுகளுக்கு இது வர வேண்டுமானால் மணிக்கணக்காக எண்ணும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். சென்னை தி. நகர் போன்ற சில இடங்களை விட்டால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ரீடிங் எடுத்துப் போகும் மீட்டர்களே நம் சுவர்களில் இருக்கின்றன. எப்போது இழுத்தோம் என்று அவற்றுக்குத் தெரியாது.

பகல் மின்சாரம் வீணாவது எப்படியிருக்கும் என்று பார்க்க இலங்கைக்குப் போகலாம். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுக்க மின்சாரம் போனதாக அமைச்சர் சொன்னதும், குரங்கை வைத்து ஆயிரம் நகைச்சுவை வந்தது. குரங்கு ஒரு சாக்கு. விடுமுறை நாள், தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் ஏராளம், சுழலும் பெரிய ஜெனரேட்டர்கள் குறைவு. அப்படிப்பட்ட நேரத்தில் சின்ன அதிர்ச்சியையும் கட்டமைப்பால் தாங்க முடியவில்லை. இரண்டே மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில்தான் வாகன இறக்குமதித் தடை நீங்கி மின்சாரக் கார்கள் வந்து இறங்கின. இலங்கையில் வீடுகள் விரும்பினால் எடுத்துக்கொள்ளக்கூடிய நேரவாரிக் கட்டணம் முன்பே உண்டு. மலிவு நேரம் எது தெரியுமா? இரவு பத்தரை முதல் காலை ஐந்தரை. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் இரவிலும் ஓடியாக வேண்டும் என்ற காலத்துக்கு அது பொருந்திய கணக்கு. பகலில் சூரிய மின்சாரத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டு, கார்களை இரவில் வரச் சொல்வது பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறிப்பது போல.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் கூடுதலாக ஒரு கொடுப்பினை உண்டு, காற்று. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று இரவு பகல் பார்க்காமல் அடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பின்னிரவில் கார்களுக்கு ஏற்றினால் அதில் நல்ல பங்கு காற்றாலை மின்சாரமாகவே இருக்கும். பிப்ரவரியிலோ மதியம்தான் மேல். ஆகவே "மலிவு நேரம்" என்பதே மாதத்துக்கு மாதம் மாற வேண்டிய ஒன்று.

மதியம் என்றால் கார் வீட்டில் இருக்காது, அலுவலகத்தில் நிற்கும். எனவே வீட்டுச் சார்ஜரைவிட அலுவலக வாகன நிறுத்தத்தில் போடுகிற சாதாரண 3.3 கிலோவாட் பிளக்குகள் இந்த மாநிலத்துக்குப் பயன்படும் என்பது என் எண்ணம். ஒரு நாள் ஓட்டத்துக்கு வேண்டிய ஆறு யூனிட் அதில் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். பெட்ரோல் பங்கில் டேங்க் நிரப்பிய பழக்கத்தில், ஒவ்வொரு இரவும் நூறு சதவீதம் ஏற்ற வேண்டும் என்று நினைக்கிறோம். கைபேசியைக்கூட அப்படித்தான் வைத்திருக்கிறோம், அது வேறு கதை.

நெடுஞ்சாலை வேகச் சார்ஜர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 120 கிலோவாட் சார்ஜர் நாலு வைத்தால் 480 கிலோவாட். எங்கள் அடுக்ககத்தோடு இரண்டு தெருக்களும் சேர்ந்து இழுப்பதைவிட அதிகம். ஆனால் அவை தனியாக உயரழுத்த இணைப்பும் சொந்த மின்மாற்றியும் வாங்கிக்கொண்டு வருகின்றன. பளு தெரிகிறது, பணம் கட்டுகிறார்கள், ஈபிக்கும் முன்கூட்டியே தெரியும். பேருந்துகளும் அப்படியே. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. பேருந்துக்கு 200 யூனிட், ஆறு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று பொதுவாகக் கணக்குப் போட்டால்கூட அத்தனை வண்டிக்கும் 4,000 கிலோவாட். பெரிய பளுதான், ஆனால் ஒரே இடத்தில், ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கிற பளு. பொங்கலுக்கு முதல் நாள் திருச்சி சாலையில் சார்ஜருக்கு வரிசை நீளும். அது பயணிகளின் தொல்லையே தவிர மின்மாற்றியின் தொல்லை இல்லை.

வீட்டுச் சார்ஜர்கள் அப்படியல்ல. 15 ஆம்பியர் பிளக்கில் யார் எப்போது செருகினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்டச் சொல்லி விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், சத்தமில்லாமல் செருகியவர்கள் எத்தனை பேர்? கோடை இரவில் மின்மாற்றி போன பிறகுதான் கணக்கு வெளியே வரும். அப்புறம் பெரிய மின்மாற்றிக்கு யார் பணம் கட்டுவது என்ற சண்டை. முதலில் கார் வாங்கிய பத்துப் பேர் மீதமிருந்த இடத்தை இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். பதினோராவது ஆள் விண்ணப்பிக்கும்போது "இடமில்லை, செலவைக் கட்டுங்கள்" என்றால் அது அநியாயம். எல்லார் பில்லிலும் ஏற்றினால், கார் இல்லாத வீடும் கட்டுகிறது. எனக்குத் தெரிந்து இதற்குச் சுத்தமான விடை கிடையாது. இருக்கிற மின்மாற்றியில் எத்தனை பேரை முறைவைத்து உட்கார வைக்கலாம் என்று பார்ப்பது, புதிதாக ஒன்று வாங்குவதைவிட எப்போதும் மலிவு. அது மட்டும் நிச்சயம்.

எங்கள் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. "7.2 போட்டே ஆகணும்" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். கடைசியில் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சொன்னபடி, சார்ஜர் எல்லாம் 3.3 கிலோவாட்தான், ஒவ்வொன்றும் அவரவர் மீட்டரிலிருந்து தனிக் கம்பியும் தனி எம்சிபியும் (பளு மீறினால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச்) எர்த்திங்கும் போட்டு வர வேண்டும், மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்து மாட்ட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. லிஃப்ட் பக்கத்தில் ஓர் அட்டவணை ஒட்டினோம். முதல் பந்தி இரவு பதினொன்றிலிருந்து இரண்டு வரை, இரண்டாம் பந்தி இரண்டிலிருந்து ஐந்து வரை. மூன்று மணி நேரத்தில் பத்து யூனிட் ஏறும். அறுபது கிலோமீட்டருக்கு அது போதும்.

இப்போது ஒன்பது கார்கள் ஆகிவிட்டன. ஒன்பதாவது, அன்றைக்குக் கேள்வி கேட்ட அந்த வங்கி அதிகாரியுடையது. காலையில் கோயிலுக்குப் போய் வந்தால் அப்புறம் சாயங்காலம் வரை கார் சும்மாதான் நிற்கிறது என்று பதினோரு மணி வெயிலில் செருகிவிடுகிறார். அட்டவணையில் அவர் பெயரே இல்லை. போன முறை பில் வந்ததும் என்னிடம் காட்டினார். மதியம் ஏற்றியதற்கு ஈபி ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை.